நாக்கில் பிடிபடும் கோளாறு: எஸ்பிரெஸ்ஸோ, மக்கியாட்டோ, கோர்டாடோ பிழை நீக்கும் வழி

ஒரு பெரிய டம்ளர் லாத்தேயில், அதாவது பால் மிகுந்த காபியில், எஸ்பிரெஸ்ஸோ என்ற அடர்ந்த அழுத்தக் காபி சற்றுப் புளித்திருந்தாலும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து அதை மூடிவிடும். அதே எஸ்பிரெஸ்ஸோவின் மேல் ஒரு கரண்டி நுரையை மட்டும் வைத்து மக்கியாட்டோ என்று நீட்டினால் முதல் மடக்கிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சின்னக் கப்பில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. அந்தக் கப்புகளின் மேல் எனக்கு இத்தனை பிரியம் இருப்பதும் அதனால்தான். செய்தவரின் கவனம் முழுவதும் அதில் தெரியும்.

வீட்டில் இயந்திரம் வாங்கிய நண்பர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் பாலைப் பற்றியது. "நுரை சரியில்லை", "பால் காபியை அமுக்கிவிடுகிறது" என்பார்கள். போய்ப் பார்த்தால் கோளாறு பாலுக்கு அடியில் இருக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: பால் ஊற்றுவதற்கு முன் எஸ்பிரெஸ்ஸோவை நன்றாகக் கலக்கி, ஒரு தேக்கரண்டி எடுத்துத் தனியாகச் சுவையுங்கள். கலக்காமல் சுவைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் இறங்கியது கெட்டியாக அடியில் கிடக்கும். கடைசியில் இறங்கியது நீர்த்து மேலே நிற்கும். தனியாகக் குடிக்க நன்றாக இருந்தால் மட்டுமே பாலைப் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

எது கெட்டது என்று சொல்ல, எது சரி என்று ஒரு கணக்கு வேண்டும். நான் தொடங்குவது இப்படி: இயந்திரத்தின் தூள் போடும் உலோகக் கூடையில் 18 கிராம் தூள், கப்பில் 36 கிராம் காபி, பொத்தானை அழுத்தியதிலிருந்து 25 முதல் 30 விநாடி, தண்ணீர் 93 டிகிரி, அழுத்தம் 9 பார். இத்தாலியப் பழைய வழக்கம் இன்னும் சிக்கனமானது. அங்கே ஒற்றைக் கப்புக்கு 7 கிராம் தூள், சுமார் 25 மில்லி காபி, 25 விநாடி. இரண்டுமே சரிதான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அளவைக் கண்ணால் பார்க்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள். மேலே மிதக்கும் க்ரீமா என்ற பொன்னிற நுரை வாயு நிறைந்தது. புதிய கொட்டையில் அது கப்பில் பாதி உயரத்துக்குக்கூட எழும்பி நிற்கும். 36 மில்லி என்று கண் சொல்வது தராசில் 22 கிராமாக இருக்கும். 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சிறு தராசுதான் இயந்திரத்துக்கு அடுத்தபடியாக நீங்கள் வாங்க வேண்டிய பொருள்.

இந்த அடிப்படையிலிருந்தே மற்றவை பிறக்கின்றன. அதே தூளில் தண்ணீரைக் குறைத்து 18 முதல் 25 கிராமோடு நிறுத்தினால் ரிஸ்ட்ரெட்டோ. எஸ்பிரெஸ்ஸோவின் மேல் ஒன்றிரண்டு கரண்டி பால்நுரை வைத்தால் மக்கியாட்டோ; இத்தாலிய மொழியில் 'கறை படிந்தது' என்று பொருள். பாலும் எஸ்பிரெஸ்ஸோவும் சம அளவு சேர்ந்தால் ஸ்பெயின் நாட்டுக் கோர்டாடோ. காபியின் வேகத்தைப் பாலால் 'வெட்டியது'. சான் பிரான்சிஸ்கோவில் ஜிப்ரால்டர் என்று கேட்டால் கிட்டத்தட்ட இதே பானம் வரும். அந்தப் பெயர் காபியின் பெயரே கிடையாது. அதை ஊற்றிக் கொடுக்கும் நாலரை அவுன்ஸ், அதாவது சுமார் 133 மில்லி, கண்ணாடித் தம்ளரின் பெயர். ஆஸ்திரேலியாவின் பிக்கோலோ ஒரு ரிஸ்ட்ரெட்டோவை 90 அல்லது 100 மில்லி தம்ளரில் பாலால் நிரப்புவது.

ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரவையையும் தூளின் அளவையும் வெப்பத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு, "இப்போது பரவாயில்லை" என்றால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது.

புளிக்கிறது, பதினைந்து விநாடியில் கப் நிறைந்துவிடுகிறது

காபித்தூளிலிருந்து தண்ணீர் முதலில் பிரித்தெடுப்பது புளிப்பை. இனிப்பு அதன் பின்னால் வரும், கசப்பு கடைசியில். தண்ணீர் வேகமாக ஓடிவிட்டால் புளிப்போடு கதை முடிந்துவிடுகிறது. ஒழுகும் தாரை வெளிறிய மஞ்சளாக, தண்ணீர் போல நெளிந்து விழும். குடித்தால் வாயின் ஓரங்களில் எச்சில் ஊறும்.

மருந்து, அரவையை நைசாக்குவது. ஒரே ஒரு குறி மட்டும் நகர்த்துங்கள். அதுவும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. நின்றிருக்கும் கிரைண்டரை நைசாக்கினால் பற்களுக்கிடையே சிக்கிய கொட்டை நெரியும், குறி உண்மையில் நகர்ந்திருக்காது. மாற்றிய பிறகு இரண்டு மூன்று கிராம் அரைத்து ஒதுக்கிவிடுங்கள். பழைய அரவையின் தூள் குழாய்க்குள் தங்கியிருக்கும். இதைச் செய்யாததால்தான் பலர் "மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை" என்று மறுபடி இரண்டு குறி நகர்த்தி, மறுநாள் காலை இயந்திரம் அடைத்துக்கொள்வதைப் பார்க்கிறார்கள்.

கிரைண்டரைக் கடைசிக் குறி வரை கொண்டுபோயும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. கொட்டை பழையதாக இருக்கலாம், அல்லது அந்தக் கிரைண்டர் எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம். மிக்ஸி ஜாரில் அரைத்த தூளால் எஸ்பிரெஸ்ஸோ ஒருபோதும் அமையாது. அதில் மாவும் ரவையும் கலந்தே வரும். மாவு கசக்கும், ரவை புளிக்கும்.

28 விநாடி ஓடியும் புளிக்கிறதா? அப்படியானால் கொட்டை இளம் வறுவலாக இருக்கும். அரவையைத் தொடாமல் கப்பில் 36க்குப் பதிலாக 45 கிராம் வரை இறக்கிப் பாருங்கள். அது போதவில்லை என்றால் வெப்பத்தை 95 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஆனால் ஆரஞ்சுச் சுளையின் புளிப்பும் பச்சை எலுமிச்சையின் புளிப்பும் ஒன்றாகா. முதலாவது காபியின் குணம், அதை விரட்ட வேண்டாம். பின்னாலேயே இனிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் கப்பில் குறையில்லை.

கசக்கிறது, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது

இது மேலே சொன்னதன் தலைகீழ்: அரவையைப் பருமனாக்குங்கள். தாரை எலிவால் போலத் தொங்கினால் சரி. பத்து விநாடி கழித்தும் கருப்புச் சொட்டுகளாகவே விழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். 50 விநாடி இழுத்த எஸ்பிரெஸ்ஸோவைப் பாலில் கலந்து காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கோர்டாடோவின் கடைசி மடக்கில் சாம்பல் வாடை காத்திருக்கும்.

கசப்பையும் புளிப்பையும் மாற்றிச் சொல்பவர்கள் நிறைய. இரண்டும் நாக்கைச் சுருக்குவதால் வரும் குழப்பம் அது. விழுங்கிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். வாயில் எச்சில் ஊறினால் புளிப்பு. நாக்கு வறண்டு தொண்டையில் நின்றால் கசப்பு. மருந்து ஒன்றுக்கொன்று நேர்எதிர் என்பதால் இதில் தவறினால் ஒவ்வொரு கப்பும் முந்தையதைவிட மோசமாகும்.

கருவறுவல் கொட்டைக்கு 93 டிகிரி அதிகம். 90க்கு இறக்கி, 18 கிராமுக்கு 27 முதல் 30 கிராமோடு நிறுத்துங்கள்.

நம் ஊரில் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: உங்கள் தூளில் சிக்கரி இருக்கிறதா? டிகாஷனுக்காக வாங்கும் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்க இந்திய உணவுத்தர விதிகள் இடம் கொடுக்கின்றன. பித்தளை ஃபில்டரில் மெல்லச் சொட்டும் டிகாஷனுக்கு அது கெட்டியும் நிறமும் தருகிறது, நானும் அதை விரும்பிக் குடிப்பவன். எஸ்பிரெஸ்ஸோ கூடையில் நிலைமை வேறு. சிக்கரி வெந்நீரில் எளிதில் கரைந்து பிசுபிசுக்கும். 9 பார் அழுத்தத்தில் கூடையின் துளைகளை அடைத்துவிடும். அரவையை எவ்வளவு மாற்றியும் சொட்டுச் சொட்டாகவே வருகிறது என்றால் பாக்கெட்டைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள்.

ஒரே மடக்கில் புளிக்கவும் செய்கிறது, கசக்கவும் செய்கிறது

வீட்டு எஸ்பிரெஸ்ஸோவில் நான் அதிகம் பார்க்கும் நோய் இதுதான். நேரம் சரியாக 27 விநாடி, எடை சரியாக 36 கிராம், கணக்கில் பிழையே இல்லை. குடித்தால் மட்டும் நாக்கு ஒப்புக்கொள்ளாது.

9 பார் என்பது, கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நான்கு மடங்கு. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் தூளின் படுகையில் எங்கே சற்று இளக்கம் இருக்கிறதோ அங்கே வழி பிளந்துகொள்ளும். ஏரிக்கரையில் நண்டு வளை வழியாக உடைப்பு எடுப்பது போலத்தான். பிளந்த வழியில் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து அங்கிருக்கும் தூளைச் சக்கையாக்குகிறது, அது கசப்பு. மற்ற இடங்களில் தண்ணீர் அரைகுறையாக நனைத்துவிட்டுப் போகிறது, அது புளிப்பு. இரண்டும் ஒரே கப்பில் விழுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க அடிப்பாகம் திறந்த போர்ட்டாஃபில்டர், அதாவது கூடையைத் தாங்கி இயந்திரத்தில் மாட்டும் கைப்பிடி, உதவும். முதல் ஏழெட்டு விநாடியில் கூடையின் அடியில் கருந்துளிகள் வேர்வை போல அரும்ப வேண்டும். அரும்பியவை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, கூம்பாகக் கூடி, ஒரே தாரையாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு அரும்பினாலோ, நடுவில் வெளிறிய கோடு ஒன்று சட்டென்று தோன்றினாலோ, ஊசிமுனை போல ஒரு பீச்சல் உங்கள் சட்டையில் தெறித்தாலோ உடைப்பு எடுத்துவிட்டது என்று பொருள். நான் முதன்முதலில் இதைக் குனிந்து பார்த்த நாளில்தான் எஸ்பிரெஸ்ஸோ எனக்குப் புரிந்தது. அதுவரை எண்களைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அரவையைத் தொடுவதற்கு முன் படுகையைச் சரிசெய்யுங்கள். கூடையை ஈரமில்லாமல் துடையுங்கள்; ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடும். தூளை இட்டதும் மெல்லிய ஊசிகள் பொருத்திய கிளறியால் அடியிலிருந்து மேல்வரை கட்டிகள் உடையக் கிளறுங்கள். தையல் ஊசியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். பல்குத்தும் குச்சி குழிகளை உண்டாக்கும், உடைக்காது. பிறகு கூடையின் பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிச் சமப்படுத்தி, அழுத்தியை நேராக வைத்து ஒரே தடவை அழுத்துங்கள். எத்தனை கிலோ பலம் என்று கவலைப்பட வேண்டாம், இனி இறங்காது என்று தூள் சொல்லும்வரை போதும். சாய்ந்து அழுத்துவதுதான் குற்றம்: மேடான பக்கம் தண்ணீரைத் தடுக்கும், பள்ளமான பக்கம் விட்டுவிடும். அழுத்திய பின் போர்ட்டாஃபில்டரை மேசையில் இடிக்காதீர்கள். ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும்.

மழைக்காலத்தைவிடப் பனிக்காலக் காலைகளில் தூள் கிரைண்டர் வாயில் ஒட்டிக்கொண்டு பறக்கிறதா? காற்று வறண்டிருப்பதால் வரும் மின்னூட்டம் அது. அரைக்கும் முன் கொட்டையின் மேல் ஈரவிரலால் ஒரே ஒரு சொட்டுத் தெளித்துக் குலுக்குங்கள்.

இத்தனையும் செய்து தீரவில்லை என்றால் தூளின் அளவைச் சோதியுங்கள். அழுத்திய தூளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை இயந்திரத்தில் மாட்டி, தண்ணீர் விடாமல் கழற்றுங்கள். நாணயம் தூளுக்குள் புதைந்திருந்தால் தூள் அதிகம். தூள் நனைந்து உப்ப இடமில்லாமல், தண்ணீர் இறங்கிவரும் மேல்சல்லடையில் முட்டி உடைகிறது. ஒரு கிராம் குறையுங்கள். 14 கிராம் கூடையில் 18 கிராமைத் திணிப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

நேரம் சரி, எடை சரி, க்ரீமா இல்லை. சுவையில் உயிரே இல்லை

கொட்டை வறுக்கப்படும்போது அதற்குள் கரியமில வாயு சிக்கிக்கொள்கிறது. அழுத்தத்தில் அந்த வாயு தண்ணீரில் கரைந்து, கப்பில் விழுந்ததும் காபியின் எண்ணெயோடு சேர்ந்து நுரைக்கிறது. அதுதான் க்ரீமா. மிலான் நகரத்து அக்கீலே காஜியா 1948 முதல் விற்ற நெம்புகோல் இயந்திரத்துக்கு முன்னால் எஸ்பிரெஸ்ஸோவில் இந்தப் பொன்னிற ஏடே கிடையாது. லூயிஜி பெட்சேரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஆவியின் பலத்தில் தண்ணீரைத் தள்ளியது. ஒன்றிரண்டு பார் அழுத்தத்தில் வாயு கரையாது. அடுப்பில் வைக்கும் மோக்கா பானையிலும் இதே கதைதான். மோக்கா காபியில் க்ரீமா வரவில்லை என்று வருந்துபவர்கள் அதைக் கோளாறாக நினைக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தில் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கொட்டையின் வயது. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்க்காதீர்கள், வறுத்த தேதியைப் பாருங்கள். வறுத்த ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை நல்ல காலம். அரைத்த தூளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது; அது சில நிமிடங்களிலேயே வாயுவை இழக்கத் தொடங்கும். மறுபக்கம், நேற்று வறுத்த கொட்டையும் தொல்லைதான். வாயு மிகுந்து பெரிய குமிழிகளாகப் பொங்கி, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சுவையில் ஒரு காரல் இருக்கும். ஐந்தாறு நாள் பொறுங்கள்.

வீட்டு இயந்திரத்தோடு கொடுக்கும் இரட்டை அடி கொண்ட கூடை, எவ்வளவு பழைய தூளிலும் பொய்நுரை எழுப்பும். கூடையின் அடியில் ஒரே ஒரு சிறு துளைதான் தெரிகிறது என்றால் அந்த வகை. அதில் அரவையை நுணுக்கமாக மாற்றிப் பயனில்லை; கிரைண்டர் இருப்பவர்கள் ஒற்றை அடிக் கூடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடர்த்தி வேண்டும் என்று விரும்புபவர்கள் தென்னிந்தியக் கொட்டையை நம்பலாம். மலபார் கரையில் பருவக்காற்றின் ஈரத்தில் ஊறவைக்கப்படும் மான்சூண்டு மலபார் புளிப்பு அடங்கிய கொட்டை. எஸ்பிரெஸ்ஸோ கலவைகளுக்கு அது உடல்வாகு தருகிறது. ராபஸ்டா வகையில் தரம் உயர்ந்த காப்பி ராயல் கொட்டையை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் க்ரீமா தடித்து நிற்கும். மக்கியாட்டோவில் நுரையைத் தாங்குவது இந்த க்ரீமாதான்.

முதல் கப் மோசம், இரண்டாவது கப் நன்றாக இருக்கிறது

சூடு போதவில்லை. விளக்கு எரிந்ததும் இயந்திரம் தயார் என்று நம்பிவிடாதீர்கள். கொதிகலன் சூடாகியிருக்கும், காபி கடந்துவரும் உலோகத்தலை ஆறியே இருக்கும். ஃபேமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்த ஈ61 வகைத் தலை பல கிலோ எடையுள்ள பித்தளை. அதற்கு அரைமணி நேரம் வேண்டும். சிறு இயந்திரங்களுக்குப் பத்து நிமிடம் போதும். போர்ட்டாஃபில்டரை மாட்டியபடியே சூடாக்குங்கள், தூள் இடும் முன் வெறும் வெந்நீரை ஒரு தடவை அதன் வழியே ஓடவிடுங்கள்.

கப்பையும் சூடாக்குங்கள். இதை அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு: அறைச்சூட்டில் 28 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பீங்கான் கப்பில் 70 டிகிரி எஸ்பிரெஸ்ஸோ 30 மில்லி விழுந்தால் இரண்டும் சந்திக்கும் இடம் சுமார் 53 டிகிரி. அதே கப்பில் 120 மில்லி ஊற்றினால் 64 டிகிரி. பெரிய காபி தன் சூட்டாலேயே கப்பைச் சமாளிக்கும். சின்னக் காபியால் முடியாது. ஆறிய எஸ்பிரெஸ்ஸோவில் புளிப்பு முன்னே வந்து நிற்கும். நீங்கள் அரவையைச் சந்தேகிப்பீர்கள். குற்றவாளி அலமாரியிலிருந்து எடுத்த குளிர்ந்த கப்.

எஸ்பிரெஸ்ஸோ தனியாக நன்றாக இருக்கிறது, பால் சேர்த்ததும் கெட்டுவிடுகிறது

இப்போதுதான் பாலுக்கு வருகிறோம். இங்கே சின்னக் கப்புக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: தேவைப்படும் பால் மிகக் குறைவு. கோர்டாடோவுக்கு 40 அல்லது 50 மில்லி, மக்கியாட்டோவுக்கு ஒரு கரண்டி. 350 மில்லி குவளையில் 50 மில்லி பாலை ஊற்றினால் ஆவிக்குழலின் முனை மூழ்காது. பால் சுழலாமல் சிதறும். 150 மில்லி குவளை வாங்குங்கள். இல்லையென்றால் 100 மில்லி பாலை நுரைத்து இரண்டு கப் செய்யுங்கள். ஒரு கப்புக்காகப் பாலோடு போராடுவதைவிட வீட்டில் இன்னொருவருக்கும் ஒன்று கொடுப்பது நல்லது.

குமிழி குமிழியாக, சோப்பு நுரை போல வருகிறது. காற்றை அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது கடைசியில் விட்டிருக்கிறீர்கள். காற்று பால் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும் உள்ளே போக வேண்டும். முனையைப் பாலின் மேற்பரப்பை உரசும்படி வைத்தால் காகிதம் கிழியும் சத்தம் கேட்கும். கோர்டாடோவுக்கு அந்தச் சத்தம் ஒன்றிரண்டு விநாடி போதும். மக்கியாட்டோவுக்கு மூன்று நான்கு. உடனே முனையை அரை அங்குலம் உள்ளே இறக்கி, குவளையைச் சாய்த்து, பாலை நீர்ச்சுழியாகச் சுழலவிடுங்கள். பெரிய குமிழிகளை அந்தச் சுழிதான் உடைத்து மாவாக்கும். முடிந்ததும் குவளையை மேசையில் ஒரு தட்டுத் தட்டிச் சுழற்றினால் பாலின் மேல் ஒரு குமிழியும் தெரியாமல் கண்ணாடிபோல மினுங்க வேண்டும். டபராவில் ஆற்றி எழுப்பும் நுரையின் அழகு வேறு: அது கொழுத்த குமிழிகளாக மேலே நிற்கும், காபி கீழே நிற்கும். இங்கே நுரையும் பாலும் பிரியாமல் ஒன்றாக ஊற்ற வர வேண்டும்.

நுரையே எழவில்லை. நுரையைக் கட்டுவது பாலின் புரதம். கொழுப்பு தருவது வாய்க்கு வழவழப்பு. கொழுப்பு 6 சதவீதம் உள்ள நிறைகொழுப்புப் பாலும், 3 சதவீதம் உள்ள சமன்படுத்திய பாலும் இரண்டுமே நுரைக்கும். சின்னக் கப்புக்கு நான் எடுப்பது நடுவில் உள்ள 4.5 சதவீதம். நுரை எழாததற்குக் காரணம் பெரும்பாலும் பாலின் பழமை. திரியாத பாலாக இருந்தாலும் கொழுப்பு சிதையத் தொடங்கியிருந்தால் நுரை எழும்பி உடனே அமரும். இன்னொரு காரணம், நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு அதை எடுத்து நுரைப்பது. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சரைஸ் செய்யப்பட்டது. அதைக் காய்ச்சாமல் குளிர்ச்சியாகவே எடுங்கள். கறந்த பால் வாங்குபவர்கள் காய்ச்சாமல் பயன்படுத்தவே கூடாது. காய்ச்சி, ஆடை நீக்கி, குளிரூட்டிய பிறகு நுரைக்கலாம்.

பால் நீர்த்துப்போகிறது. ஆவி தண்ணீராக மாறித்தான் தன் சூட்டைப் பாலுக்குக் கொடுக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 100 கிராம் பாலில் ஏறக்குறைய 9 கிராம் தண்ணீர் சேர்ந்தே தீரும். அது தவிர்க்க முடியாதது. குழாயில் தேங்கிய வெந்நீர் தவிர்க்கக்கூடியது. பாலில் விடும் முன் இரண்டு விநாடி ஆவியை ஈரத்துணிக்குள் வெளியேற்றுங்கள். 300 மில்லி பாலில் 5 மில்லி தண்ணீர் தெரியாது. 50 மில்லியில் அது பத்தில் ஒரு பங்கு.

பால் வாடை அடிக்கிறது, காபி காணாமல் போகிறது. 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் புரதம் உருக்குலைந்து, கந்தகம் கலந்த வெந்த வாடை எழும், நுரையும் விறைக்கும். 55 முதல் 60 டிகிரியில் நிறுத்துங்கள். வெப்பமானி இல்லையென்றால் உள்ளங்கையைக் குவளையின் பக்கத்தில் வைத்திருங்கள். இனி பிடித்திருக்க முடியாது என்று கை சொல்லும் கணத்தில் ஆவியை மூடினால் சரியாக இருக்கும். கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நமக்கு இது ஆறிய காபி போலத் தோன்றலாம். ஒரு வாரம் அப்படிக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை போடாமலே பாலின் இனிப்பு தெரியும்.

சூடு சரியாக இருந்தும் காபி தெரியவில்லை என்றால் அளவு பிசகியிருக்கிறது. 200 மில்லி டம்ளரை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் பாலை ஊற்றிவிட்டு அதைக் கோர்டாடோ என்று அழைக்க முடியாது. சிறு தம்ளர் வாங்குவதே நிவாரணம். பிக்கோலோவில் காபி தெரியவில்லை என்றால் முழு எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பதில் ரிஸ்ட்ரெட்டோவை இறக்குங்கள். குறைந்த அளவில் அடர்ந்த காபி பாலை எதிர்த்து நிற்கும்.

பால் திரிகிறது. பால் புளிக்கத் தொடங்கியிருக்கிறது. அல்லது அரைகுறையாக இறங்கிய புளித்த எஸ்பிரெஸ்ஸோ அந்த விளிம்பில் இருந்த பாலைத் தள்ளிவிட்டது. சோயாப் பாலில் இது அடிக்கடி நடக்கும். புளிப்பைச் சரிசெய்தால் இதுவும் போய்விடும்.

அடுக்கு கலைகிறது, சர்க்கரை நுரை எழவில்லை

ஸ்பெயினின் வலென்சியா பக்கத்துப் பொம்போன் என்ற காபியில் கெட்டிப் பாலும் (டப்பாவில் வரும் இனிப்பான கண்டென்ஸ்டு மில்க்) எஸ்பிரெஸ்ஸோவும் சம அளவில் அடுக்காக நிற்க வேண்டும். கெட்டிப் பாலை முதலில் ஊற்றி, எஸ்பிரெஸ்ஸோவைக் கரண்டி முதுகில் வழியவிடுங்கள். கியூபா முறையில் சர்க்கரையை அடித்து நுரையாக்க, முதலில் விழும் அடர்ந்த சொட்டுகளை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு கரண்டிச் சர்க்கரைக்கு ஒரு கரண்டிக் காபிக்கு மேல் விட்டால் அது பாகாகிவிடும், வெளுக்காது.

மாதக்கணக்கில் நன்றாக இருந்தது, இப்போது எல்லாமே கசக்கிறது

மேல்சல்லடையைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய்க் கிண்ணத்தின் வாடை வந்தால் விடை அதுதான். ஒவ்வொரு நாளும் கடைசிக் கப்புக்குப் பின் வெந்நீர் விட்டுத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, துளையில்லாத கூடையில் இதற்கென்று விற்கும் பொடியை இட்டு எதிர்வழியாகக் கழுவுங்கள். மீந்த அழுத்தத்தை வெளியேற்றும் மூன்றுவழி வால்வு உள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே இந்தக் கழுவல். உங்கள் இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கிரைண்டரின் பற்களையும் மறக்காதீர்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுபவர்களுக்குச் சுண்ணாம்புப் படிவு தனித் தொல்லை. ஓட்டம் நாளுக்கு நாள் மெலிந்தால் அதைச் சந்தேகியுங்கள். அதற்காக முழுக்க ஆர்ஓ நீருக்குப் போனால் காபி சப்பென்று ஆகும். உப்பே இல்லாத நீரைச் சில கொதிகலன்களின் நீர்மட்ட உணரி கண்டுகொள்ளாது. ஆர்ஓ நீரில் வடிகட்டிய குழாய்நீரைக் கொஞ்சம் கலந்து பயன்படுத்துகிறேன். எனக்கு அது ஒத்துவருகிறது.

கடைசியாக ஒன்று, மிக எளிதில் கண்ணில் படாமல் போவது. சென்ற ஆண்டு மூன்று வாரம் என் எஸ்பிரெஸ்ஸோ மெலிந்தே வந்தது. கொட்டையை மாற்றினேன், அரவையை மாற்றினேன், ஊசியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு காலை விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோது போர்ட்டாஃபில்டரின் காதோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் மெல்ல உருண்டு, கைப்பிடி வழியாக வழிந்து, காபித் தாரையோடு கப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தத்தைக் கசியவிட்டிருக்கிறது. கைப்பிடியை மாட்டும்போது அது வழக்கமான இடத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் அறிகுறி. புதிய வளையத்தைப் போடுவதற்காகப் பழையதைத் திருப்புளியால் நெம்பி எடுத்து விரலால் வளைத்தேன். ஓடு போல இரண்டாக உடைந்தது.